கேள்விக்குறியை நம்பிக் கையெழுத்துப் போட்டேன்

"நீங்கள் இல்லாத நாளிலும் அவள் சிரிக்க வேண்டாமா?"

இந்த ஒரு வரியில்தான் விழுந்தேன். காப்பீடும் சேமிப்பும் கலந்த பாலிசி. விளம்பரத்தில் ஒரு வெற்று நாற்காலி, பக்கத்தில் ஒரு சிறுமி. என் மகளுக்கும் அதே வயது, தொண்டை அடைத்துக்கொண்டது. முகவர் படிவக் கட்டை நீட்டியபோது, அதை உட்கார்ந்து படிப்பதே பாசம் இல்லாதவன் செய்கிற வேலை போலக் கூசியது. அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் வருஷம் வேலை போனது. பாலிசியை முடித்துக்கொள்ளப் போனால், கட்டியதில் பாதிகூடத் தேறவில்லை. கமிஷன், கட்டணம், பாதியில் விட்டதற்குப் பிடித்தம் என்று எல்லாம் படிவத்தில் இருந்திருக்கிறது. நான் செத்திருந்தாலும் வந்திருக்கும் தொகை வீட்டுக்கு இரண்டு வருஷம் காணாது. "விளம்பரத்தில் அப்படிச் சொன்னீங்களே?" என்றேன். "கேள்விதானே சார் கேட்டோம்?" என்றார், சிரிக்காமல்.

வாஸ்தவம். கேள்வியில் பொய்யே கிடையாது.

1891-இல் இங்கிலாந்தில் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற, மூக்கில் உறிஞ்சும் மருந்துப் பந்தை விற்றவர்கள், அதைப் பயன்படுத்தியும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருவதாகவும், அதற்கென 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருப்பதாகவும் விளம்பரம் செய்தார்கள். காய்ச்சல் வந்த ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். வெறும் விளம்பரப் பேச்சு என்று கம்பெனி கைவிரித்தது. மறு வருஷம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தொகையும் நிபந்தனையும் இருந்தன. எனக்கு இருந்தது ஒரு நாற்காலிப் படம்.

அரசியலிலும் இதே சாமர்த்தியம்தான். 1978-இல் பிரிட்டன் கன்சர்வேட்டிவ் கட்சியின் சுவரொட்டி: வேலையில்லாதோர் வரிசை, மேலே 'லேபர் இஸன்ட் வொர்க்கிங்'. அப்போது ஆண்ட லேபர் கட்சி சரியில்லை என்றும் படிக்கலாம், உழைப்பாளிக்கு வேலையில்லை என்றும் படிக்கலாம். வரிசையில் நின்றதோ கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைஞர்களே! மறு வருஷம் கன்சர்வேட்டிவ்கள் ஜெயித்தார்கள். 1982-இல் வேலையில்லாதோர் 30 லட்சத்தைத் தாண்டினார்கள். வேலை தருவோம் என்று அந்த வரி எங்கேயும் சொல்லவில்லையே.

கண் கலங்கிய அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த வரியை 'இவ்வளவு தருவோம், இன்ன தேதியில்' என்று மாற்றி எழுதி, முகவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முகம் மாறுகிறதா பாருங்கள்.

புகார் மனு மேசையில் கிடக்கிறது. 'மீறப்பட்ட வாக்குறுதி' என்ற கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.