பொலிஸ் முறைப்பாடா, பாதுகாப்புக் கட்டளையா?

வீட்டில் கணவரின் அடி விழும் நேரத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, பொலிஸ் அவசர இலக்கமான 119தான். பொலிஸ் உடனே வரலாம், கைது செய்யலாம். ஆனால் கொழும்பில் பல பெண்களுக்குப் பொலிஸ் நிலையத்தில் கிடைப்பது "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போங்கம்மா" என்ற புத்திமதியும், இருவரும் கையெழுத்து வைக்கும் ஒரு சமாதானக் கடிதமும்தான். அப்புறம் அதே வீடு, அதே கை. முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால், வாசித்து விளங்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் பதியச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

பாதுகாப்புக் கட்டளை வேறு மாதிரி. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் கேட்பது. அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, 14 நாட்களுக்குள் விசாரணை. முழுக் கட்டளை 12 மாதம் வரை. கணவர் வீட்டுக்குள் வரவோ, உங்கள் வேலையிடத்துக்கு வரவோ, தொடர்புகொள்ளவோ கூடாதென்று நீதிமன்றம் தடுக்கலாம். மீறினால் சிறைகூட உண்டு. அடிதான் விழவேண்டுமென்றில்லை, கடுமையான மன வன்முறைக்கும் கேட்கலாம். விவாகரத்து கேட்கவும் தேவையில்லை.

சட்டத்தரணிக்குக் காசில்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்காடுவார்கள். மருத்துவச் சீட்டு, காயத்தின் படம், மிரட்டல் குறுஞ்செய்தி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

என்னைக் கேட்டால், முறைப்பாட்டோடு நிற்காதீர்கள். அதன் பிரதியை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போங்கள்.