டிமார்சியோ சூப்பர் டிஸ்டார்ஷன்: ஆறு மாதம் வாசித்த பிறகு

என் பழைய எலக்ட்ரிக் கிட்டாரோடு வந்த பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதி) கெயினை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்கும் திருகை, எவ்வளவு ஏற்றினாலும் மெட்டல் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் வாசிப்பு) கொழகொழவென்றுதான் கேட்டது. இஎம்ஜி 81 என்ற வேறொரு பிக்கப்பை வாங்கலாமா என்றும் யோசித்தேன். ஆனால் அது ஆக்டிவ். 9 வோல்ட் பேட்டரி வேண்டும், வால்யூம், டோன் திருகுகளின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரையும் 25 கிலோ ஓமுக்கு மாற்ற வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. 1972இல் வந்த, செராமிக் காந்தம் போட்ட பாசிவ் (பேட்டரி தேவையில்லாத) ஹம்பக்கரான சூப்பர் டிஸ்டார்ஷனையே பிரிட்ஜ் பக்கம், கம்பிகள் கிட்டாரின் உடலில் முடியும் இடத்தருகே, போட்டேன். ஹம்பக்கர் என்றால் இரண்டு காயில் (கம்பிச் சுருள்) உள்ள பிக்கப்.

சத்துவாச்சாரியில் சால்டரிங் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். மாட்டி வாசித்தால் தகர டப்பா சத்தம்! நூறடி தூரத்தில் ஓடும் மிக்சி மாதிரி இரைச்சல் வேறு. வேறொரு கம்பெனியின் வயர் வரைபடத்தைப் பார்த்துக் கறுப்பு வயரை ஹாட்டாக, அதாவது சிக்னல் வெளியே போகும் வயராகப் போட்டிருக்கிறார். இதில் சிவப்புதான் ஹாட். கறுப்பும் வெள்ளையும் சேர வேண்டும், பச்சை எர்த். தப்பாக மாட்டியதால் இரண்டு காயில்களின் சிக்னலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டிருந்தன. வீட்டிலேயே மாற்றிப் பற்றவைத்தேன். வேலூர் வெயிலில், ஃபேனை அணைத்துவிட்டு!

அப்புறம்தான் அசல் சத்தம். டிராப் டி-யில் (தடித்த கம்பியை டி சுருதிக்கு இறக்கி) பாம் மியூட் (உள்ளங்கை ஓரத்தால் கம்பியை லேசாக அமுக்கி) அடித்தால் நெஞ்சில் இடிக்கிறது, ஆனாலும் ஒவ்வொரு அடியும் தனியாகக் கேட்கிறது. முதலில் கம்பிக்கு மிக நெருக்கமாக வைத்திருந்தேன், நோட் தள்ளாடியது. 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டதும் சரியாகிவிட்டது.

கரகரப்பு இல்லாத கிளீன் டோன் கொஞ்சம் தடிமன்தான். நான் அந்தப் பக்கம் போவதில்லை.