ரிவர் பிர்ச் என்று சொல்லி வெள்ளை பிர்ச்சை நட்டுவிட்டுப் போனார்கள், 2,340 டாலர் போச்சு

வட கரோலினாவில் கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கம் வீடு வாங்கிவிட்டு, பின்பக்கம் நிழலுக்கு மரம் வைக்கலாம் என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். எனக்கு 2,340 டாலர் போயிருக்கிறது. "எங்கள் தரப்பில் இந்த விஷயம் முடிந்துவிட்டது" என்று நேற்று மாலைதான் மெயில் வந்தது. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். மரம் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைப் போடவில்லை. உள்ளூரில் லேண்ட்ஸ்கேப்பிங் செய்யும் சின்ன நிறுவனம். சொந்த நர்சரி கிடையாது, எங்கிருந்தோ மரம் வாங்கி வந்து நட்டுக் கொடுக்கிறவர்கள்.

எங்கள் பேக்யார்டு மேற்குப் பார்த்தது. இருந்த மரங்களையெல்லாம் வழித்தெடுத்துவிட்டுத்தான் பில்டர் வீடே கட்டினார். ஜூலை மாதம் சாயங்காலம் டெக்கில் வெறுங்காலை வைக்க முடியாது. மண் சிவப்புக் களிமண். மழை பெய்தால் வேலியோரம் தண்ணீர் தேங்கும். இதற்கெல்லாம் பொருந்துகிற மரம் என்று தேடித்தான் ரிவர் பிர்ச்சுக்கு வந்தோம். இது இந்த மண்ணின் மரம். ராலேயில் நியூஸ் ஆற்றோரப் பாதையில் நடப்பவர்கள் கரையில் இதைப் பார்த்திருப்பார்கள். ஈரக் களிமண்ணைத் தாங்கும், தெற்கத்திய வெயிலையும் தாங்கும். வருஷத்துக்கு இரண்டடி வளர்வதெல்லாம் சாதாரணம். முழுதாக வளர்ந்தால் 40 முதல் 70 அடி. பட்டை இளஞ்சிவப்பும் பழுப்புமாகக் காகிதம் போலச் சுருண்டு உரிந்து நிற்கும். சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளடிக்கும், ஆனால் இங்கே பெரும்பாலும் அமில மண்தான். குச்சியாக உதிர்த்துக் குப்பை போடும், வறட்சி வந்தால் கோடையிலேயே இலை கொட்டும் என்பதும் தெரியும். பரவாயில்லை, நிழல் வேண்டும்.

பார்க்க வந்தவர் தமிழர், மதுரைப் பக்கம். வந்ததும் "அண்ணே" என்றார். என் மாமியார் காபி கொடுத்தார், "அம்மா, ஊர்க் காபி குடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்று வாங்கிக் குடித்தார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் அருமையான ரிவர் பிர்ச் இருக்கிறது. என்னை அங்கேயே கூட்டிக்கொண்டு போய், உரிந்து தொங்கிய பட்டையில் ஒரு துண்டைக் கிள்ளி என் கையில் வைத்தார். "இதேதான்ணே. ஹெரிடேஜ் ரகம். பூச்சி கிட்ட வராது. மூணு மரம், மூணும் கிளம்ப், அதாவது ஒரே அடியிலேர்ந்து பல தண்டு, பத்து பன்னிரண்டு அடி. நட்டு, மல்ச் போட்டு, ஒரு வருஷ வாரண்டியோட 2,340. என் வீட்டுக்கு வைக்கிற மாதிரி வைக்கிறேன்." இதே விவரத்தை அன்று ராத்திரியே மெசேஜிலும் அனுப்பினார். அந்த ஒரு மெசேஜ்தான் இன்று என் கையில் இருக்கிற ஆதாரம்.

500 டாலர் முன்பணம் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். மீதி 1,840 டாலரை வங்கி ஆப் வழியாக நேரடியாக அனுப்பினால் கார்டு கட்டணம் மிச்சம் என்றார். அனுப்பினேன்.

பிப்ரவரியில் வந்து நட்டார்கள். அந்த மாதத்தில் பிர்ச்சில் இலை இருக்காது, வெறும் குச்சிதான். பட்டை மொழுமொழுவென்று பழுப்பாக இருந்தது. கேட்டதற்கு, "சின்ன மரம்ணே, ரெண்டு வருஷத்துல உரிய ஆரம்பிக்கும்" என்றார். ஏப்ரலில் இலை விட்டது. பக்கத்துத் தெரு மரத்தின் இலையோடு வைத்துப் பார்த்தேன், சம்பந்தமே இல்லை. அங்கே இருப்பது ஏறக்குறைய சாய்சதுர வடிவம், அடிப்பக்கம் ஆப்பு மாதிரி குறுகி, பின்புறம் வெளிறி இருக்கும். எங்கள் வீட்டில் இருப்பது முக்கோணம், நுனி நீண்டு கூராக இழுத்துக்கொண்டு போகிறது. இளங்குச்சியைத் தடவினால் அங்கே மெல்லிய ரோமம். இங்கே சொரசொரவென்று சின்னச் சின்னப் பரு.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதலில், "ஹெரிடேஜ் இலை அப்படித்தான்ணே இருக்கும்." பிறகு, "ஃபோட்டோ அனுப்புங்க சார், மேனேஜர்கிட்ட காட்டுறேன்." அண்ணன் சார் ஆகிவிட்டதை கவனியுங்கள். மேனேஜர் லீவு. மேனேஜர் வந்துவிட்டார், ஆனால் வசந்தகால சீசன், ரொம்ப பிஸி. நர்சரிக்காரர் தவறாக லேபிள் போட்டிருக்கலாம், அவரைக் கேட்கிறோம். அந்த நர்சரி எது? அதைச் சொல்ல முடியாது. கடைசியில் தமிழே நின்றுபோய், பெயர் இல்லாத ஒரு கஸ்டமர் சர்வீஸ் முகவரியிலிருந்து ஆங்கிலத்தில் மெயில் வர ஆரம்பித்தது. இன்வாய்ஸில் "பிர்ச் கிளம்ப்" என்றுதான் இருக்கிறதாம், எந்த பிர்ச் என்று எழுதவில்லையாம். வாரண்டி மரம் செத்தால் மட்டும்தானாம். உங்கள் மரம் உயிரோடுதானே இருக்கிறது என்று கேட்கிறார்கள்!

இலையோடு ஒரு கிளையை வெட்டி எடுத்துக்கொண்டு, செடி, மரம், விவசாயம் பற்றி ஆலோசனை சொல்லும் கவுண்டி எக்ஸ்டென்ஷன் அலுவலகத்துக்குப் போனேன். காசு எதுவும் கேட்கவில்லை, பொறுமையாகப் பார்த்தார்கள். பெட்டுலா பெண்டுலா, ஐரோப்பிய வெள்ளை பிர்ச். குளிர்ந்த ஊரில் அழகாக இருக்கும் மரம். வட கரோலினாவின் கோடைச் சூட்டில் அது எப்போதும் வாடித் தவித்துக்கொண்டுதான் இருக்கும், அப்படித் தவிக்கும் மரத்தைத் தேடி வருகிறது வெண்கல பிர்ச் போரர் (bronze birch borer) என்ற வண்டு. பட்டை இடுக்கில் முட்டையிடும், புழு பட்டைக்கு அடியில் குடைந்து சாறு ஓடும் வழியை அறுத்துவிடும். மரம் உச்சியிலிருந்து காய்ந்துகொண்டே கீழே இறங்கும். வண்டு வெளியே வந்த ஓட்டை ஆங்கில டி எழுத்து மாதிரி இருக்குமாம். ரிவர் பிர்ச்சுக்கு இந்த வண்டை எதிர்க்கும் சக்தி உண்டு. ஓஹாயோவில் பல பிர்ச் வகைகளை ஒரே இடத்தில் 20 வருஷம் வளர்த்துப் பார்த்த ஆய்வில் ஐரோப்பிய வெள்ளை பிர்ச்சுகள் பத்து வருஷம்கூடத் தாண்டவில்லை.

இப்போது அந்த வாரண்டியை யோசித்துப் பாருங்கள். மரம் செத்தால்தான் பணம். இந்த மரமோ பெரும்பாலும் முதல் வருஷத்தில் சாகாது; சில வருஷம் கழித்து, வாரண்டி எப்போதோ முடிந்த பிறகு சாகும். வெட்டி எடுக்க ஆள் கூப்பிட்டால் அதற்கு வேறு தனியாகச் செலவு. 2,340 டாலர் வாங்கிக்கொண்டு எனக்கு இன்னொரு செலவையும் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மல்ச்சை விலக்கிப் பார்த்தால் அடிமரம் வேராக விரியும் இடம் நாலு அங்குலம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. நடுவதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லை.

கார்டில் கொடுத்த 500 டாலருக்கு டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன், பார்க்கலாம். 1,840 டாலரைப் பற்றி வங்கியில் கேட்டால், "நீங்களே அனுப்பியதுதானே" என்கிறார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்தாச்சு.

சரி, சொல்கிறேன் என்ற விஷயங்கள். இன்வாய்ஸில் பெட்டுலா நைக்ரா என்று ரிவர் பிர்ச்சின் தாவரப் பெயர் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஹெரிடேஜ் என்றால் டேகில் 'கல்லி' என்று ரகப் பெயர் இருக்கும். டேகை வெட்டி எறிய விடாதீர்கள், எடுத்து வையுங்கள். முடிந்தால் இலை இருக்கும்போது நர்சரிக்கு நேரில் போய் மரத்தைப் பார்த்து வாங்குங்கள். முழுப் பணமும் கார்டில் மட்டும். வாரண்டியில் "சொன்ன வகை இல்லையென்றால் மாற்றித் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். குழி தோண்டும் முன், மண்ணுக்கடியில் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று குறித்துத் தரச் சொல்லும் 811 எண்ணுக்குக் கூப்பிட்டார்களா என்று கேளுங்கள், இவர்கள் அதையும் செய்யவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

எவ்வளவு தள்ளி நடுவது, எப்போது கவாத்து செய்வது என்றெல்லாம் எழுத நினைத்தேன், இன்றைக்கு முடியவில்லை. சிறு வழக்கு நீதிமன்ற மனுவை ராத்திரிக்குள் நிரப்ப வேண்டும். அதிலும் அதே தொகைதான், 2,340.