எத்தனை பேர் வருவீர்கள்? திருவிழா ஃபோர்ம் பாவித்த அனுபவம்

பண்டாரவளையில் இருக்கும் நண்பன் தங்கச்சி கல்யாணத்துக்கு ஆன்லைன் ஃபோர்ம் ஒன்று செய்யப் போகிறானாம். "நீதானே மச்சான் கோயில் திருவிழாவுக்கு வருசா வருசம் அதப் பாவிக்கிற, எப்படி?" என்று வொய்ஸ் அனுப்பியிருந்தான். வொய்ஸில் பதில் சொன்னால் முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எந்தக் கம்பனியின் ஃபோர்ம் என்பது இங்கே முக்கியமில்லை. ஈமெயில் கணக்கு இருந்தால் இலவசமாகக் கிடைக்கிற வகைதான். கேள்வி சேர்ப்பது, கட்டாயம் என்று நட்சத்திரம் போடுவது, லிங்கை வட்ஸ்அப் குரூப்பில் போடுவது எல்லாம் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். படிக்கிற பிள்ளைக்கே தெரியும்.

நிகழ்வுக்கென்று அவர்களே தருகிற டெம்ப்ளேட்டைத் தொடாதே. வீதியின் பெயர், நகரம், தபால் குறியீடு என்று வரிசையாகக் கேட்கும். நாங்கள் இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் வீதிக்குப் பெயர் ஏது? கடிதமே தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் கைக்கு வருகிறது. குறியீடு கேட்டால் எல்லாரும் ஹட்டனின் 22000 தான் போடுவார்கள், அதை வைத்து ஒரு வீட்டையும் பிடிக்க முடியாது. நான் அதையெல்லாம் தூக்கிவிட்டு மேல்கணக்கா பணியகணக்கா (தோட்டத்தின் மேல் பிரிவா, கீழ்ப் பிரிவா), எத்தனையாம் லயம் (வரிசை வீடு), எத்தனையாம் காம்பரா (லயத்தில் ஒரு குடும்பம் இருக்கிற அறை) என்று வைத்தேன். மேல்கணக்கைத் தொட்டால் மேல்கணக்கு லயங்கள் மட்டும் வரும்படி பிரித்து வைக்கலாம். இது அருமையாக வேலை செய்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் பிரச்சினை ஒரே ஒரு கேள்விதான்: அன்னதானத்துக்கு எத்தனை பேர் வருவீர்கள்?

முதலில் எழுத்தாகப் பதில் போட விட்டிருந்தேன். "குடும்பத்தோட", "4 + சின்னவள்", "சாமி விட்டா வருவோம்" என்று வந்தது. சரி, இலக்கம் மட்டும்தான் ஏற்கும் என்று பூட்டினேன். அதற்குப் பிறகு நிறையப் பேர் 1 என்று போட்டார்கள். ஒரு ஆளா, ஒரு குடும்பமா? கோயில் வரியை நாங்கள் குடும்பத்துக்கு இவ்வளவு என்றுதான் எடுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் அவர்களுக்கு 1 என்றால் ஒரு குடும்பம். கேள்விக்குக் கீழே 'சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து ஆட்களின் எண்ணிக்கை' என்று விளக்கம் போட்டேன். பணிய லயத்து அம்மாயி ஒருவர் கோயில் வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்: "எத்தனை பேருன்னு கேக்குறீங்களே தம்பி, எண்ணித்தான் சோறு போடப்போறீங்களா?" அந்த முகத்தைப் பார்த்தால் ஃபோர்ம் செய்தவனுக்குக் கூட இரண்டாம் தடவை கேட்க மனம் வராது.

இதோடு முடிந்தால் பரவாயில்லை. மகன் கொழும்பு புறக்கோட்டையில் கடையில் நிற்கிறான், அங்கிருந்தே வீட்டுக்குச் சேர்த்துப் பதிந்துவிடுவான். அது தெரியாமல் மருமகள் ஒரு தடவை பதிவாள். பக்கத்துக் காம்பரா ஃபோனில் தம்பிக்காரன் இன்னொரு தடவை. ஆளுக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தலாம், ஆனால் அதைப் போட்டவுடன் ஈமெயில் கணக்குக்குள் நுழையச் சொல்லும். எங்கள் பக்கம் பாதி ஃபோன்களின் ஈமெயிலை ஃபோன் கடைப் பையன்தான் உருவாக்கிக் கொடுத்திருக்கிறான், பாஸ்வேர்ட் அவனுக்கே ஞாபகம் இருக்காது. ஆகவே கட்டுப்பாட்டை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால், 5 பேர் இருக்கிற காம்பரா 15 பேராகிவிடும். எங்கள் சமையல்காரர் கிலோ அரிசிக்கு 10 பேர் என்று கணக்குப் போடுகிறவர். ஒரு காம்பராவிலேயே ஒரு கிலோ கூடுகிறது.

ஃபோர்மின் பதில்களெல்லாம் ஷீட் என்கிற அட்டவணையில் வந்து விழும். நான் அந்த ஷீட்டில் காம்பரா வாரியாக அடுக்கி, பழைய பதிவுகளை அழித்து, கடைசியானதை மட்டும் விடுகிறேன். ஷீட் சரியாகிவிடும். ஆனால் ஷீட்டில் அழித்தால் ஃபோர்மில் அழியாது! அங்கே எல்லாப் பதில்களையும் கூட்டிக் காட்டுகிற சுருக்கப் பக்கத்தில் பழைய பதில்கள் அப்படியே நின்று கணக்கில் சேரும், ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தால்தான் போகும். எங்கள் கமிட்டித் தலைவருக்கு ஷீட் பிடிக்காது, கலர் கலராகப் படம் வருகிற சுருக்கப் பக்கம்தான் பிடிக்கும். இந்த வருசமும் அதைப் பார்த்துத்தான் அரிசிக்குச் சொல்லியிருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால் நல்லதும் நிறைய இருக்கிறது. கொழும்புப் பையன்கள் எந்த இரவு புறப்படுகிறார்கள், ஹட்டன் ஸ்டேஷனுக்கு விடியற்காலை வேன் வேண்டுமா என்று முன்பு ஒவ்வொருவராக கோல் எடுத்துக் கேட்டு ஃபோன் ரீலோட் காசு கரைந்தது. இப்போது பட்டியல் தானாக வருகிறது. என்ன வேலைக்கு நிற்பீர்கள் என்ற கேள்வியில் சாமி தூக்க ஊரே வரும், பாத்திரம் கழுவ ஒருவரும் வரமாட்டார்கள், அது ஃபோர்மின் குற்றமில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோசம் உபயத்தில் வந்தது. எந்த நாள் உபயம் யாருக்கு, யார் முதலில் கேட்டது என்று வருசா வருசம் சண்டை. ஒவ்வொரு பதிலுக்கும் ஷீட்டில் திகதியும் நேரமும் விழுகிறதே, அதைக் காட்டியவுடன் இரண்டு பக்கமும் அடங்கிவிட்டது. ஆனால் ஷீட்டின் செட்டிங்ஸில் நேர வலயம் கொழும்பு என்று இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள். வேறு நாட்டு நேரம் கிடந்தால், காலையில் பதிந்தவர் முதல்நாள் இரவில் பதிந்ததாகக் காட்டும், அதற்குத் தனியாக ஒரு சண்டை வரும்.

கல்யாணத்துக்கு? வேண்டாம் மச்சான். வெற்றிலை பாக்கோடு பத்திரிகையைக் கையில் வைத்து அழைக்க வேண்டிய பெரியப்பாவுக்கு 'வருவேன், வரமாட்டேன், சிலவேளை' என்று மூன்று வட்டம் அனுப்பினால் அவர் மூன்றாவதைத் தொடுவார், பிறகு உன் அப்பாவுக்குக் கோல் எடுப்பார். கட்டாயம் வேண்டுமென்றால் லிங்கை விருந்தாளிக்கு அனுப்பாதே. பத்திரிகை வைக்கப் போகிற சித்தப்பா மகனின் ஃபோனில் போட்டுக் கொடு. வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது எத்தனை தலை என்று அவனே பார்த்துப் பதியட்டும், ஒருவரும் கோபிக்கமாட்டார்கள்.

மார்க் கேட்டிருந்தாய். பத்துக்கு நாலு. இவ்வளவு புகழ்ந்துவிட்டு நாலா என்றால், ஆமாம், நாலுதான். நேற்றுக் கமிட்டிக் கூட்டத்தில் மிஞ்சிய சோற்றுக்கு எழுந்து நின்று பதில் சொன்னது நான், ஃபோர்ம் இல்லை.