பழைய சர்வரில் "கம்பைல் ஆகிவிட்டது" என்று ஒப்படைக்கப்படும் வேலை: ஓர் எச்சரிக்கை

செண்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய இயங்குதளத்தில் புதிய மென்பொருளைக் கம்பைல் செய்துதரும் (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றித்தரும்) பொறுப்பை வெளியாரிடம் கொடுக்கவிருப்பவர்கள், பிழைச்செய்தி மறைந்ததை மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

எங்கள் மென்பொருள் ‘சிஸ்/ரேண்டம்.எச்’ என்ற ஹெடர் கோப்பைக் கேட்டது. அது 2017-இல் வெளியான கிளிப்சி (லினக்ஸின் அடிப்படை சி நூலகம்) 2.25-இல்தான் சேர்க்கப்பட்டது, செண்ட்ஓஎஸ் 7-இல் இருப்பதோ கிளிப்சி 2.17. அந்த ஹெடரில் உள்ள, ஊகிக்க முடியாத எண்களைத் தரும் கெட்ரேண்டம் செயற்கூறு கிடைக்காத இடத்தில், அதே வகை எண்களைத் தரும் ‘/டெவ்/யூரேண்டம்’ கோப்பிலிருந்து படிக்கும்படி நிரலில் சில வரிகளை மாற்றினால் போதும். நாங்கள் அமர்த்திய ஒப்பந்ததாரரோ, புதிய கணினி ஒன்றின் இன்க்ளூட் அடைவை (ஹெடர் கோப்புகள் இருக்கும் இடத்தை) அப்படியே கொண்டுவந்து எங்கள் சர்வரின் ஹெடர் கோப்புகள் மீது போட்டுவிட்டார். ஹெடரில் இருப்பது வெறும் அறிவிப்பு. செயற்கூறு நூலகத்தில் இருந்தாக வேண்டும். எனவே, நிரலை நூலகங்களோடு இணைக்கும் லிங்க்கர் அந்தச் செயற்கூற்றைத் தேடிக் கிடைக்காமல் நின்றிருக்கிறது. அதைச் சமாளிக்க அதே பெயரில் ஒரு செயற்கூற்றைத் தாமே எழுதி, அப்போதைய நேரத்தை விதையாகக் கொண்டு ‘ரேண்ட்’ என்ற சாதாரணச் செயற்கூறு தரும் எண்களை அதில் திருப்பி அனுப்பியிருக்கிறார். எங்கள் பயனர்களின் செஷன் டோக்கன்கள் (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடுகள்) அந்த எண்களிலிருந்துதான் உருவாகின்றன என்பதால், சேவை தொடங்கிய நேரத்தை ஊகிக்க முடிந்த எவரும் டோக்கனையும் ஊகித்துவிடலாம். பிழையோடு நின்றிருந்தால்கூட இவ்வளவு ஆபத்து இருந்திருக்காது.

தொடர்பே இல்லாத வேறொரு நிரல், ‘__ஐஎஸ்ஓசி23_ஸ்ட்ர்டோல்’ கிடைக்கவில்லை என்று லிங்க் கட்டத்தில் நின்றபோதுதான் சந்தேகம் எழுந்தது. அது கிளிப்சி 2.38-இல் வந்த பெயர். பழைய சர்வரில் அதைக் கேட்பதற்கு எந்த நிரலுக்கும் காரணமில்லை. செண்ட்ஓஎஸ்ஸின் தொகுப்பு மேலாண்மைக் கருவியான ஆர்பிஎம்மின் சரிபார்ப்புக் கட்டளையை கிளிப்சி-ஹெடர்ஸ் தொகுப்பின் மீது ஓட்டியதும், மாற்றப்பட்ட கோப்புகள் வரிசையாக வந்தன. கேட்டபோது ஒப்பந்ததாரர், "கம்பைல் ஆக வேண்டும் என்றுதானே சொன்னீர்கள்" என்றார். திருத்தித்தரத் தனிக் கட்டணமும் கேட்டார்.

ஆகவே, இறுதித் தவணைக்கு முன் மூலநிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பேட்ச் கோப்பாக (மாறிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பாக) கேட்டு வாங்குங்கள். ஆர்பிஎம் சரிபார்ப்பை நீங்களே ஓட்டிப் பாருங்கள். இல்லாத மாறிலிக்குச் சுழியம் என்று மதிப்பிட்ட வரிகள் பேட்சில் இருந்தால் விளக்கம் கேளுங்கள்: வேறு நிரலை இயக்கும்போது கோப்பை மூடச் சொல்லும் ‘ஓ_கிளோஎக்ஸெக்’ சுழியமானால் நிரல் ஓடும், ஆனால் திறந்த கோப்புகள் அது இயக்கும் பிற நிரல்களுக்கும் கசியும்.

செண்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டதால், அசல் ஹெடர் தொகுப்புகளை பழைய பதிப்புகளைச் சேமித்துவைத்திருக்கும் வால்ட் களஞ்சியத்திலிருந்து எடுத்தே மீண்டும் நிறுவினோம். வழங்கப்பட்டிருந்த டோக்கன்கள் அனைத்தையும் ரத்து செய்துவிட்டோம். கொடுத்த பணம் இன்னும் திரும்பவில்லை.