ஹட்டனில் முகாமையாளர்களுக்கான முரண்பாட்டுத் தீர்வுப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

தேயிலைத் தோட்ட முகாமையாளர்களுக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்குமென இலங்கை மலையக நகரான ஹட்டனில் நடத்தப்பட்ட இப்பயிற்சி, 1974இல் தோமஸ், கில்மன் ஆகியோர் வெளியிட்ட போட்டியிடல், ஒத்துழைத்தல், சமரசம், தவிர்த்தல், விட்டுக்கொடுத்தல் என்னும், முரண்பாட்டைக் கையாளும் ஐந்து அணுகுமுறைகளை அடிப்படையாகக் கொண்டிருந்தது. கோட்பாட்டு விளக்கம் சற்று இழுபட்டது. ஆனால், கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கெனக் கழிக்கப்படும் கிலோவைப் பற்றிய தகராறை நடித்துக் காட்டவைத்த பகுதி மிகச் சிறப்பு: தராசை உத்தியோகத்தரும் கொழுந்து பறித்தவரும் பார்க்கும்படி திருப்பிவைத்து, “கழித்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன், உங்கள் கணக்கையும் சொல்லுங்கள், அக்கா” என்று உறுதியாகப் பேசுவதற்கும் வெறுமனே அதட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே தெளிவாயிற்று. அதட்டியே பழகிய சிலர் அதை இரசிக்கவில்லை என்பது வேறு கதை. தொழிற்சங்கப் பிரதிநிதிகளுடன் பேசும் முறைக்கு அரைமணி நேரமே ஒதுக்கியது பெருங்குறை. கையேடு தமிழிலேயே கிடைத்தது; கட்டணமும் நியாயமானதே.