சுவரா, திரையா: இரத்த வங்கியின் வேலையோட்டத்தை எங்கே வரைவது?

கொழும்பில் நடுத்தர அளவிலான ஓர் ஆஸ்பத்திரியின் இரத்த வங்கியில் எம்.எல்.டி.யாக, அதாவது மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக, இருக்கிறேன். வார்டிலிருந்து சாம்பிள் வந்து, க்ரொஸ்மெச் (நோயாளியின் இரத்தத்தோடு பையில் உள்ள இரத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனை) முடிந்து, பை நோயாளியின் கட்டிலுக்குப் போய்ச் சேரும் வரை என்னென்ன நடக்கிறது என்று வரைந்து வைக்கும் பொறுப்பு இரண்டு தடவை என்னிடம் வந்தது. முதல் தடவை கொம்பியூட்டரில் வரைந்தோம். அடுத்த தடவை சுவரில் பழுப்புத் தாளை ஒட்டி, அதன் மேல் நிற ஒட்டுத்தாள்களால் வரைந்தோம். இரண்டோடும் வேலை செய்து பார்த்தவன் என்ற முறையில் நான் சுவரின் பக்கம் நிற்கிறேன். திரை இல்லாமல் முடியாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

இந்த வேலை பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விஷயம். இரத்த வங்கியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தனிக் கடிகாரம். செங்குருதிக்கலப் பை 2 முதல் 6 பாகை செல்சியஸில், அதில் சேர்த்திருக்கும் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் இருக்கும். குருதிச் சிறுதட்டுகளை 20 முதல் 24 பாகையில் ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும், வழக்கமாக 5 நாள். உறைந்த பிளாஸ்மா −18 பாகைக்குக் கீழே ஒரு வருடம் கிடக்கும். உருக்கிவிட்டால் புதுக் கணக்கு. ஃபிரிட்ஜை விட்டுப் போன செங்குருதிக்கலப் பை 30 நிமிடத்துக்குள் திரும்பாவிட்டால் அதை மறுபடி இருப்பில் சேர்ப்பதில்லை. ஏற்றத் தொடங்கினால் 4 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். கடந்த 3 மாதத்துக்குள் இரத்தம் ஏற்றியவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் எடுத்த சாம்பிளுக்கு 3 நாள்தான் ஆயுள். ஆகவே பெட்டியும் அம்பும் போட்டால் மட்டும் போதாது. எந்தக் கடிகாரம் எங்கே தொடங்குகிறது, அது யார் கையில் இருக்கும்போது ஓடுகிறது என்பதும் வரைபடத்தில் தெரிய வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ட்ரோ.ஐஓ போன்ற மென்பொருள் இலவசம். புறக்கோட்டையில் வாங்கிய ஒரு சுருள் தாளும் நாலைந்து கட்டு ஒட்டுத்தாளும் எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் வந்தன. அழகில் திரைதான் மேல். பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டினால் பார்க்க வருபவர்கள் பாராட்டுவார்கள், எங்களையும் பாராட்டினார்கள்.

திரையில் வரைந்தபோது வேலையோட்டங்களை வரைவதற்கென்றே உள்ள பி.பி.எம்.என். குறியீட்டு முறையைப் பாவித்தோம். அதன் 2.0 பதிப்பு 2011இல் வந்தது, 2013இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் நீச்சல் குளத்தில் இருப்பது போல ஒரு தனி ஓடை: வார்ட், அட்டென்டன்ட், வரவேற்பு மேசை, ஆய்வு மேசை, விநியோகம். நேரத்தைக் காட்டுவதற்கென்றே அதில் கடிகாரக் குறி ஒன்று இருப்பது எங்கள் வேலைக்கு நல்ல பொருத்தம். முடிவெடுக்கும் இடத்தில் ஒரு சாய்சதுரம் வரும். அதை வரைந்த உடனே, "இல்லை என்றால்?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும். சாம்பிள் குழாயில் உள்ள பெயரும் கோரிக்கைப் படிவத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால்? பிறபொருளெதிரி (அன்டிபொடி) சோதனை நேர்மறையாக வந்தால்? நோயாளியின் குருதி வகை தெரியும் முன்பே ஓ நெகட்டிவ் பை கொடுத்தால், அதற்குப் பின்னால் வரும் க்ரொஸ்மெச்சை யார் தொடர்ந்து முடிப்பது? இவற்றுக்குப் பதில் எழுதாமல் படத்தை மூட முடியாது. அந்த ஒழுக்கத்தைத் திரைதான் எங்களுக்குக் கற்றுத்தந்தது. அதை நான் மறக்கவில்லை.

ஆனால் அந்தப் படத்தைக் கூட்ட அறையில் உட்கார்ந்துதான் வரைந்தோம். நான், தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர், ஒரு வார்டின் பொறுப்பு மிஸ், இவ்வளவு பேர்தான். பை தூக்கி நடப்பவர்கள் யாரும் அங்கே இருக்கவில்லை. படம் மாட்டிச் சில நாள் கழித்து, பல வருடம் வேலை செய்த ஓர் அட்டென்டன்ட் அண்ணன் அதற்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"சேர், ராவில நாங்க இந்த வழியால வாறதில்ல. அந்த லிஃப்ட்ட பத்து மணிக்குப் பூட்டிருவாங்க. தியேட்டர் பக்கத்தால சுத்தித்தான் வாறது."

30 நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையில், இரவில் பாதையே வேறு என்பது எங்கள் படத்தில் இல்லை. எனக்கு அது உறைத்தது. கோப்பைத் திறந்து மாற்ற வேண்டும் என்று குறித்து வைத்தேன். மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் மையம் இருக்கிறது.

படத்தை வரைந்தவர் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர். அவருடைய கணக்கில்தான் கோப்பு இருந்தது. குறியீடுகளும் அவருக்குத்தான் சரளம். 2022க்குப் பிறகு இந்த நாட்டு ஆஸ்பத்திரிகளை விட்டு எத்தனை பேர் வெளிநாடு போனார்கள் என்று இங்கே வேலை செய்யும் எவருக்கும் தெரியும். அவரும் போனார். எங்களிடம் மிஞ்சியது சட்டம் போட்ட தாளும் ஒரு பி.டி.எஃப். பிரதியும். அதற்குப் பிறகு விநியோக ஃபிரிட்ஜை வேறு அறைக்கு மாற்றினோம், கோரிக்கைப் படிவம் மாறியது, இரவுக் கடமை முறையும் மாறியது. படம் மட்டும் அப்படியே தொங்கியது. புதிதாகச் சேர்ந்த தங்கச்சி ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்தே வேலை பழகினாள். ஒரு நாள், பழைய அறையில் ஃபிரிட்ஜ் இல்லாததைக் கண்டு கையில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். நல்ல காலம், பக்கத்தில் ஆள் இருந்தது. பழசாகிப் போன வரைபடம், வரைபடமே இல்லாததை விடக் கேடு என்று அன்றைக்கு எனக்குப் பட்டது, ஏனென்றால் அதை நம்புகிறார்கள்.

ஆகவே இரண்டாம் தடவை, யார் வரைவது என்று பேசுவதற்கு முன்பு யார் திருத்துவது என்று பேசினோம். அதற்கு விடையாக வந்ததுதான் சுவர்.

முதலில் ஒரு சாம்பிளின் பின்னாலேயே நடந்தேன். காலை, மாலை, இரவு என்று மூன்று நேரமும், கையில் ஒரு கொப்பியும் பேனையும். எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, யார் கையில் மாறியது என்பதை மட்டும் எழுதினேன். இழுபறி ஆய்வு மேசையில்தான் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சாம்பிள் நடப்பதை விட நிற்பதே அதிகம். பை ஆயத்தம் என்று வார்டுக்கு போன் எடுத்ததற்கும், அதை எடுக்க ஆள் வருவதற்கும் இடையிலான நேரம்தான் எல்லாவற்றிலும் நீளமாக இருந்தது. அந்தக் காத்திருப்புக்கு எங்கள் பழைய படத்தில் ஒரு சின்ன அம்பு மட்டும் இருந்தது. சுவரில் அதற்கு ஒரு நீலத் தாளே கொடுத்தோம். வேலைக்கு மஞ்சள், காத்திருப்புக்கு நீலம், பிரச்சினைக்குச் சிவப்பு.

தேநீர் அறைக்கு வெளியே உள்ள நடைவழியில் ஒட்டினோம். கடந்து போகிறவர்கள் நின்று படித்தார்கள், எழுதவும் தொடங்கினார்கள். சிலர் சிங்களத்தில், சிலர் தமிழில், டொக்டர்மார் ஆங்கிலத்தில். திரையில் வரைந்த படம் முழுக்க ஆங்கிலம். அதை வாசித்து விளங்கியவர்களைக் கையில் எண்ணலாம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தபோது, இரத்தம் எடுக்கும் மஞ்சள் தாளுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு சிவப்புத் தாளை ஒட்டியிருந்தார்கள். நெருக்கடி நேரத்தில் குழாய்களுக்கு முன்கூட்டியே பெயர் எழுதி வைக்கிறோம் என்று அதில் சிங்களத்தில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. யார் என்று நாங்களும் தேடவில்லை.

இரத்தம் ஏற்றுவதில் மிகப் பயங்கரமான தவறு அங்கேதான் பிறக்கிறது. ஒருவருடைய இரத்தம் இன்னொருவர் பெயர் எழுதிய குழாய்க்குள் போய்விட்டால், நாங்கள் மேசையில் எவ்வளவு கவனமாகச் சோதித்தாலும் குழாயில் உள்ள இரத்தத்துக்குச் சரியான விடைதான் வரும். நோயாளிக்கு அது பிழை. அவருடைய குருதி வகை முன்பே எங்கள் பதிவில் இருந்தால் பிடிபடலாம். முதல் தடவை வருபவர் என்றால் பிடிபடாது. அந்தச் சிவப்புத் தாளுக்குப் பிறகு கட்டிலருகிலேயே பெயர் எழுதும் விதியை வார்டுகளில் மறுபடி இறுக்கினார்கள். பதிவில் இல்லாத நோயாளிக்கு வேறு நேரத்தில் எடுத்த இரண்டாவது சாம்பிள் கேட்கும் முறையும் வந்தது. இதைக் கூட்ட அறையில் கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் ஒழுங்கு எப்படி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஏற்பாடு இதுதான்: சிவப்பை எவரும் ஒட்டலாம். மஞ்சளைப் பொறுப்பு டொக்டர் சுருக்கக் கையெழுத்தும் திகதியும் போட்ட பிறகுதான் மாற்றலாம். அவர் வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிடம் சுவருக்கு முன்னால் வந்து நிற்பார். எங்கள் ஃபிரிட்ஜ் அடுத்த தடவை இடம் மாறியபோது, அன்று பின்னேரமே சுவரும் மாறிவிட்டது. தென்மேற்குப் பருவமழையோடு டெங்கு ஏறும் மாதங்களில் சிறுதட்டுகளுக்கான கோரிக்கைகள் குவியும், வழமையான ஓடை தாங்காது. அப்போது ஒரு தற்காலிக ஓடையை ஒட்டுவோம். மழை ஓய்ந்ததும் கழற்றிவிடுவோம். திரையில் இதற்கு இன்னொரு கோப்பு, இன்னொரு பதிப்பு எண், அதைத் திறக்கத் தெரிந்த ஓர் ஆள் என்று போயிருக்கும்.

சுவருக்கும் பராமரிப்பு உண்டு. கொழும்புப் புழுக்கத்தில் ஒட்டுத்தாள் இரண்டு கிழமை தாங்காது. மின்விசிறிக்கு முன்னால் என்றால் இரண்டு நாள். ஒரு தடவை எட்டுப் பத்துத் தாள்கள் விழுந்து கிடந்தன, எது எங்கே இருந்தது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் இலக்கம் போட்டு, மேல் விளிம்பில் செலோடேப் ஒட்டி, மாதத்தில் ஒரு நாள் போனில் படம் எடுத்து வைக்கிறோம். துடைத்துத் தொற்றுநீக்க முடியாத தாளை ஆய்வுகூடத்துக்குள்ளே ஒட்டக் கூடாது. நடைவழியைத் தெரிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ எந்தத் தாளிலும் வரக் கூடாது என்பதில் கடுமையாக இருக்கிறோம், அது பொதுவழி.

திரை வெல்லும் இடங்களுக்கு வருகிறேன். இரத்த வங்கிக்கு மென்பொருள் வாங்கப் போகிறீர்கள் என்றால், விற்பவர்களிடம் சுவரின் படத்தைக் கொடுத்துப் பயனில்லை. அவர்களுக்கு ஒவ்வொரு கிளையும் ஒழுங்கான குறியீட்டில் வேண்டும். தர ஆய்வுக்கு வருபவர்களும் பதிப்பு எண் போட்ட ஆவணத்தைத்தான் கேட்பார்கள். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுவரைப் பார்த்து ட்ரோ.ஐஓவில் ஒரு பிரதி வரைகிறோம். கோப்பு இப்போது பிரிவின் பொதுக் கணக்கில் இருக்கிறது, திறக்கத் தெரிந்தவர்கள் மூன்று பேர்.

நான் சொல்வதெல்லாம் ஒரே கட்டடத்தில் வேலை செய்த ஒருவனின் அனுபவம். எங்களுக்குப் பைகள் நாரஹேன்பிட்டையில் உள்ள தேசிய நிலையத்திலிருந்து சோதனை முடிந்தே வருகின்றன. கொடையாளர் பதிவு, வெசாக் காலத்து முகாம்கள், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிஃபிலிஸ், மலேரியாச் சோதனைகள் எல்லாம் எங்கள் சுவருக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. அவற்றையும் சேர்த்துப் பல இடங்களில் பரந்து நடக்கும் வேலைக்கு ஒரு நடைவழிச் சுவர் போதுமா என்றால், எனக்குச் சந்தேகம்தான். அங்கே திரையில் தொடங்குவதே சரியாக இருக்கலாம்.

இப்போது எங்கள் சுவரில் ஒரு சிவப்புத் தாள் இருக்கிறது. இரவில் தியேட்டரிலிருந்து பாவிக்காமல் திரும்பும் பையில், அது வெளியே வந்த நேரத்தை எழுதுவது யார் என்று அதில் கேட்டிருக்கிறார்கள். அதன் கீழே மூன்று கையெழுத்தில் மூன்று வேறு வேறு பதில்கள். இந்த வெள்ளிக்கிழமை டொக்டர் வந்ததும் அதைத்தான் முதலில் எடுக்கப் போகிறோம், இரவுக் கடமையில் இருக்கும் அந்த அட்டென்டன்ட் அண்ணனையும் வரச் சொல்லியிருக்கிறேன்.